பட்லா சோலார் பூங்கா: வெயிலைவிடத் தூசியே பெரிய வேலை

சூரிய மின்நிலையப் பராமரிப்பு என் தொழில். ராஜஸ்தானின் பட்லா பூங்கா பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

பட்லா எவ்வளவு பெரியது? யாருடையது? (கல்லூரி மாணவி, திருச்சி)

ஜோத்பூருக்கு வடக்கே, பலோடி பக்கம், தார் பாலைவனத்தில் சுமார் 14,000 ஏக்கர். திறன் 2,245 மெகாவாட். ஒரே கம்பெனியின் சொத்து அல்ல. நிலம், சாலை, சப்ஸ்டேஷன் எல்லாம் பூங்காவை அமைத்தவர்களின் பொறுப்பு. பேனல் போட்டு மின்சாரம் விற்பது பல நிறுவனங்கள். 2017 மே மாதம் இந்தப் பூங்காவுக்காக நடந்த ஏலத்தில் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. சோலார் மின்சாரம் விலை அதிகம் என்ற பேச்சு நாட்டில் அடங்கியது அதற்குப் பிறகுதான்.

2,245 மெகாவாட் நாள் முழுக்க வருமா? (கடைக்காரர், விருதுநகர்)

வராது. அது உச்ச அளவு. இரவு, காலை, மாலை எல்லாம் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால் ஏறத்தாழ கால் பங்குதான் தேறும். அப்படிக் கணக்குப் போட்டாலும் வருஷத்துக்குச் சுமார் 490 கோடி யூனிட். சின்ன விஷயமே இல்லை.

வெயில் கொளுத்தினால் கரண்டும் அதிகம் வரும், சரிதானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு எதிரி. பேனலின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். சிலிக்கான் பேனலில் அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். காற்று 45 டிகிரி என்றால் பேனல் 65, 70 டிகிரி வரை போகும். பதினைந்து சதவீதம் போல அங்கேயே போய்விடும். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது இந்தப் பலோடியில்தான். மேகமே இல்லாத, குளிர் இன்னும் விடாத நாள்தான் எங்களுக்கு நல்ல நாள்.

பாலைவனத் தூசியை எப்படிச் சமாளிக்கிறார்கள்? தண்ணீருக்கு எங்கே போவார்கள்? (விவசாயி, ராமநாதபுரம்)

இதைக் கேட்டதற்கு நன்றி. பாதி வேலையே இதுதான். புழுதிக்காற்று ஒருமுறை அடித்துவிட்டுப் போனால் கண்ணாடி மங்கிவிடும். அதைவிடத் தொல்லை பனி. விடியற்காலையில் பனித்துளி தூசியோடு கலந்து வழிந்து, கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் சேறாகத் தங்கும். வெயில் ஏறினதும் காய்ந்து கெட்டிப்படும். விரல் அகலம்தான் இருக்கும். ஆனால் பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு துண்டுகளான செல்களைத் தொடராகக் கோத்திருப்பதால், கீழ் வரிசை மறைந்தால் அதனோடு சேர்ந்த மற்ற செல்களின் கரண்டும் இறங்கிவிடும்.

முன்பு தண்ணீரும் துடைப்பமும்தான். இத்தனை லட்சம் பேனல்களைக் கழுவுவதற்கு, குடிக்கவே தண்ணீர் போதாத ஊரில் தண்ணீர் எடுப்பது நியாயமும் இல்லை, கட்டுப்படியும் ஆகாது. இப்போது பெரிய நிலையங்களில் ரோபோதான்: வரிசையின் ஒரு முனையில் நிற்கும், இருட்டியதும் மெல்லிய பிரஷ்ஷைச் சுழற்றிக்கொண்டு மறுமுனை வரை போய்வரும், சொட்டுத் தண்ணீர் வேண்டாம்.

அங்கே வெறும் மணல்தானே, யாருக்கு நஷ்டம்? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

வெறும் மணல் இல்லை. ஆடு மாடு மேய்க்கிறவர்களுக்கு அது மேய்ச்சல் நிலம். மேற்கு ராஜஸ்தானில் ‘ஓரண்’ என்று கோயில் காடுகள் உண்டு. நம் ஊர் வன்னி மரத்தை அங்கே ‘கேஜ்ரி’ என்று தெய்வமாக மதிக்கிறார்கள். சோலாருக்காக அதை வெட்டக் கூடாது என்று ஊர்க்காரர்கள் போராடியதில் நான் அவர்கள் பக்கம்தான். அப்புறம், கானமயில் என்ற பெரிய பறவை. காட்டில் மிஞ்சியிருப்பது இருநூறுக்கும் குறைவு. உடல் கனம், எதிரே நேராகப் பார்க்கும் சக்தி குறைவு. மின்கம்பியில் மோதிச் சாகிறது. 2021இல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024இல் அதைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. சுத்தமான மின்சாரம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பறவையினத்தையே அழித்தால் அது எந்த வகையில் சுத்தம்?

ராத்திரிக்கு என்ன வழி? (இல்லத்தரசி, கோவை)

பேட்டரி, இல்லையென்றால் தண்ணீரை மேலேற்றி வைத்து இரவில் இறக்கும் நீரேற்று நிலையம். இப்போது பல டெண்டர்களில் பேட்டரியும் சேர்த்தே கேட்கிறார்கள். கம்பிப் பிரச்சினையும் உண்டு: பேனலை ஒன்றிரண்டு வருஷத்தில் நட்டுவிடலாம், மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் 765 கிலோவோல்ட் லைன் இழுக்க அதைவிட நாளாகும். லைன் இல்லாவிட்டால் வெயில் இருந்தும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதுதான்.

நம் பக்கம் இப்படி இல்லையா? (மாணவர், மதுரை)

கமுதியில் 648 மெகாவாட், 2016இல் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய நிலையங்களில் ஒன்று.

மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறேன். எப்போது கழுவலாம்? (திருநெல்வேலி)

காலையில், பேனல் சூடேறும் முன். உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். மென்மையான துணி போதும். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படியும். பேனல்மேல் கால் வைக்காதீர்கள். கீழ் ஓரத்தை மட்டும் இரண்டு முறை துடையுங்கள்.