கேள்வி பதில்: வெளிச்சத்துக்குள் புகுந்து பார்ப்பது

சித்திரம் படிப்பிக்கிற எனக்குத் திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளில் நான்கு.

கே: இமெர்சிவ் ஆர்ட் என்றால் சுவர் முழுக்க புரொஜெக்டர் அடிப்பதுதானே சேர்? (உவர்மலை)

பார்ப்பவர் வெளியே நில்லாமல் உள்ளே புகுந்து உணரும் கலைக்குத்தான் அந்தப் பெயர்; நீங்கள் சொல்வதும் அதில் உண்டு. எனக்கு அந்த புரொஜெக்டர் வகையில் பெரிய பிடிப்பில்லை; பெரிய ரீவி, அவ்வளவுதான். ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞர் 2003இல் லண்டன் டேட் மொடேர்ன் கலைக்கூட மண்டபத்தில் ஒரு செயற்கைச் சூரியனை வைத்தார். அதில் அரைவட்டம்தான் உண்மை, மற்றப் பாதி கூரையில் பதித்த கண்ணாடியின் வேலை. விளக்குகள் ஒரேயொரு மஞ்சளை மட்டும் விடுபவை. முன்பு தெருவோரம் எரிந்த சோடியம் விளக்கின் உறவுக்காரர்கள் என்று வையுங்கள். அதற்குள் போனால் சிவப்புச் சட்டைக்கும் பச்சைச் சட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டையின் நிறம் சட்டையில் மட்டும் இல்லை என்பது அங்கேதான் உறைக்கும். சனம் நிலத்தில் மல்லாந்து படுத்து, கூரைக் கண்ணாடியில் தங்களைத் தேடியது.

கே: புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறேன். நாளும் கடலைப் பார்க்கிற எங்களுக்கு இது எதற்கு? (நிலாவெளி)

நாளும் பார்ப்பதுதான் சிக்கல் தம்பி, பழகிய கண் பாதியை விட்டுவிடும். ஒருக்காச் சிவப்புத் துணியோடு சுழியோடிப் பாருங்கள். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும்; ஆழம் போகப்போகத் துணி கறுத்துவரும். லண்டன் மண்டபத்தில் நடந்ததன் கடல் வடிவம் இது. காதும் ஏமாறும். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால், இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து சேரும், திசை பிடிபடாது. ஆகவே ஆட்கள் நீந்தும் இடத்தில் எஞ்சினைக் குறையுங்கள். உங்கள் படகு எந்தப் பக்கம் வருகிறதென்று கீழே இருப்பவருக்குத் தெரியாது.

கே: இதைப் பார்த்து யாராவது இயற்கையைக் காப்பாற்றினார்களா?

2015இல் அதே எலியாசன் கிரீன்லாந்துப் பனிக்கட்டி 12 துண்டுகளைப் பாரிஸ் சதுக்கத்தில் உருகவிட்டார். சனம் தொட்டது, காது வைத்துக் கேட்டது. தொட்டவரெல்லாம் திருந்தினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கை குளிர்ந்தது, அது நிச்சயம்.

கே: பள்ளிக்கூடத்தில் காசில்லாமல் ஏதும் செய்யலாமா? (ஆசிரியை)

ஓம் டீச்சர். டச்பே கடலைப் பார்த்த ஜன்னலுள்ள அறை கிடைத்தால் அதிர்ஷ்டம். கறுப்புக் கடதாசியால் முழுக்க மூடி, ஒரு சென்ரிமீற்றர் துளை விடுங்கள். பின்னேரம்தான் சரி, வெயில் பின்னாலிருந்து கடலில் விழவேண்டும். காலையில் செய்தால் சூரியன் நேரே துளைக்குள் வந்து கெடுத்துவிடும். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுங்கள். எதிர்ச் சுவரில் வானம் கீழே, கடல் மேலே, படகுகள் தலைகீழாக நகரும். பிள்ளைகள் கத்துவார்கள், பக்கத்து வகுப்புக்கு முன்னமே சொல்லிவையுங்கள்.