டீச்சரிடம் கேளுங்கள்: அதே தமிழ், வேறு நாடு

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் 9 பேர், சபை வாலிபர் குழு, ஏப்ரல் விடுமுறையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பத்து நாள் ஊழியமாக வருகிறோம். எனக்கு இதுதான் முதல் வெளிநாடு. "அங்கேயும் தமிழ்தானே, என்ன பயம்?" என்கிறார்கள் மற்றவர்கள். இறங்கிய அன்றே சிறுவர் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), சாயந்தரம் வீடு வீடாக ஜெபம் என்று அட்டவணை போட்டாயிற்று. முதல் நாட்களில் எதைக் கவனிக்க வேண்டும் டீச்சர்?
– 23 வயது வாசகி

பதில்: மகள், உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அட்டவணையில் முதல் மூன்று நாளையும் வெறுமையாக விட்டுவிடுங்கள். குழுத் தலைவருக்கு இது பிடிக்காது. இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

"தமிழ்தானே" என்ற அந்தத் தைரியம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவன் கொஞ்ச நாளாவது வாயை மூடிக்கொண்டு பார்ப்பான். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேசத் தொடங்கிவிடுவீர்கள். எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அம்மா, "இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு" என்பார். தோட்டம் கேட்ட நிறைக்குக் கொழுந்து எடுக்க முடியவில்லை, அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும் என்று அர்த்தம். இது விளங்காமல், "ஆண்டவர் எல்லாத்தையும் நிறைவாக்குவாரும்மா" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு அடுத்த வீடான காம்பராவுக்குப் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நல்ல மனசுள்ள பிள்ளை. அந்த அம்மா அதற்குப் பிறகு அவர்களுடைய கூட்டத்தில் ஒரு நாளும் வந்து உட்காரவில்லை.

சாயந்தர ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் மலையில் நின்று, நாலரை ஐந்துக்குக் கடைசி நிறுவை முடித்து வருகிறார்கள். வந்ததும் இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் விழும் பீலிக்குப் போய்க் குளித்து, தண்ணீர் தூக்கி, ரொட்டி சுட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்பது பேர் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்றால், அவர்கள் அடுப்பை விட்டுவிட்டு உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவார்கள். சீனி இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கி ஊற்றுவார்கள். உங்களுக்கு அது தெரியவே தெரியாது. லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போது, ஒரு வீட்டில் தங்கி வைத்ததைச் சாப்பிடுங்கள், வீட்டுக்கு வீடு போகாதீர்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். உங்கள் குழு அந்த அதிகாரத்தைப் புறப்படுமுன் சேர்ந்து வாசிக்கட்டும்.

இன்னொன்று, இதை மனசு வலித்துச் சொல்கிறேன். "நீங்களும் நம்ம இந்தியாக்காரங்கதானே" என்று அன்பாகக்கூட யாரிடமும் சொல்லாதீர்கள். எங்கள் பாட்டன் பூட்டன் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் "நீங்கள் இந்தியர்" என்று சொல்லித்தான் 1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) புறப்பட்ட நாட்களில் ஹட்டன் ஸ்டேஷனே ஒப்பாரி வைத்தது. என் பெரியம்மா அப்படிப் போனவர்தான். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை முழுதாகக் கிடைக்க 2003 ஆகிவிட்டது. நீங்கள் உறவு கொண்டாடிச் சொல்லும் சொல், இங்கே ஒரு தாத்தாவின் காதில் பழைய அரசாங்கக் கச்சேரி மேசையில் கேட்ட சொல்லாக விழும்.

நானும் ஒருமுறை உங்களைப் போலப் புறப்பட்டவள். 1996இல் எங்கள் சபைப் பெண்கள் ஏழு பேர் கூடலூருக்குப் போனோம். இங்கிருந்து போனவர்கள் பலர் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களில்தான் குடியேறியிருந்தார்கள். பைபிளில் மாமியாரோடு அந்நிய தேசத்துக்குப் போன ரூத்தின் சரித்திரத்தை வைத்து அருமையான செய்தி ஒன்றை நான் ஆயத்தம் செய்திருந்தேன். முதல் வீட்டில் ஒரு பாட்டி, நாங்கள் உட்காரும் முன்பே, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அடுத்த டிவிஷனில் பிறந்தவராம். கோவிலுக்குக் கீழே இருந்த பீலி இன்னும் ஓடுகிறதா? ஸ்கூல் பக்கத்துப் பலாமரம் நிற்கிறதா? கணக்கப்பிள்ளையின் மூத்த மகள் யாரைக் கட்டினாள்? என் பைபிள் மூடியபடியே மடியில் கிடந்தது. "இங்க எங்கள சிலோன்காரின்னுதான் டீச்சர் கூப்பிடுறாங்க" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று நாளும் நாங்கள் ஊர்ச் செய்தி சொன்னோம், கேட்டோம், அழுதோம். வேறொன்றும் செய்யவில்லை. நாலாம் நாள் சாயந்தரம் அவரே கேட்டார், "புஸ்தகம் கொண்டாந்தீங்களே, வாசிங்க." ரூத்தை வாசித்தேன். நான் எழுதி வைத்திருந்த விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அதனால், முதல் மூன்று நாளும் இங்குள்ள உபதேசியார் எங்கே போகிறாரோ அங்கே போங்கள். துக்க வீடு என்றால் துக்க வீடு. தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மாவுக்கு ஒத்தாசை என்றால் அது. உங்கள் ஊருக்கும் எங்கள் சபைக்கும் பழைய உறவு இருக்கிறது: 1854இல் தோட்டங்களில் தமிழ் மிஷன் வேலை தொடங்கியபோது வந்த உபதேசிமார் திருநெல்வேலிச் சபைப் பிள்ளைகள். அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது, கோப்பிக் காலம். காட்டுப் பாதையில் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். ஆகவே, சுவிசேஷம் கேள்விப்படாத இடத்துக்குப் போகிறோம் என்று அங்கே யாரும் ஜெபக்குறிப்பு எழுத வேண்டாம். நாங்கள் ஐந்தாறு தலைமுறையாக ஞானஸ்நானம் எடுத்துக் கல்லறைத் தோட்டத்தில் உறங்குகிற சபை.

இனிப்புப் பொட்டலத்தை முதல் நாள் திறக்காதீர்கள். ஒரு குழு 40 பொட்டலம் கொண்டுவந்தது, வந்து நின்ற பிள்ளைகள் 61. மிச்சம் 21 பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களில் எட்டுப் பேர் என் வகுப்பில் படித்தவர்கள்.

சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கம் செய்யக்கூடாது. அழைக்கிற சபையை முன்கூட்டியே உரிய விசாவுக்கு எழுதச் சொல்லுங்கள். 1992 முதல் தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துவதால், மைதானத்தில் பிள்ளைகளைக் கூட்டவும் தோட்ட மானேஜரான துரையின் அனுமதி வேண்டும். ஏப்ரலில் பின்னேரம் இடியோடு மழை வரும், மழை விட்டதும் புல்லில் அட்டை ஏறும். கம்பளிச் சட்டை கட்டாயம். நுவரெலியா சீசன் என்பதால் கோச்சியில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் லயத்தில் 12 காம்பரா. நாலு குடும்பம் வேதக்காரர், நாங்கள் மற்றவர்கள் சைவம். போன வருடம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய அன்றே, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு லயத்து வாசலில் ஸ்பீக்கர் வைத்துக் கூட்டம் போட்டது. இந்த வருடமும் வருகிறார்களாம். பக்கத்துக் காம்பரா அக்கா என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகள் மாதிரிப் பார்ப்பவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?
– ஒரு தாய், பதுளை

பதில்: தங்கச்சி, முதலில் எங்கள் ஆட்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன். அது அந்தக் குழுவின் பிழை மட்டும் அல்ல. வந்து இறங்கியவர்களுக்குக் காப்புக் கட்டு என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. தெரிந்த நாங்கள் சொல்லவில்லை. என் அப்பா செத்தபோது மழையில் நனைந்து பந்தல் போட்டதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாதையில் மேலே ஏறியதும் கோவில் கமிட்டிப் பையன்கள்தான்.

அக்காவிடம் நேரே போங்கள். கமிட்டி மூலமாகவோ தலைவர் மூலமாகவோ போக வேண்டாம், அப்படிப் போனால் அது வழக்காகிவிடும். திருவிழாத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இந்த நாள்கள்ல மட்டும் வேண்டாம்னு உங்க சபை ஐயர்கிட்ட சொல்லுங்கக்கா" என்றால் போதும். இதை வாசிக்கிற சபைத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அழைப்புக் கடிதம் எழுதுமுன் தோட்டத்துக் கோவிலில் தேதி கேளுங்கள்.

கேள்வி: முதல் தடவையாக மிஷன் குழுவோடு வெளிநாடு போகிறேன். எனக்கு வயிறு இலேசில் கெட்டுப்போகும். போன உடனேயே படுத்துவிட்டால் மற்றவர்களுக்குப் பாரம்தானே? விலகிவிடலாமா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: விலக வேண்டாம் தம்பி. கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் இந்தத் தீவுக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்த காலம், கூலியாள் வேஷத்தில் வந்தார். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்துவிட்டார். ஒரு பூசைகூட வைக்காத அந்த நாட்களில், அவருக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தவர்கள் முன்பின் தெரியாத ஆட்கள். பிறகு 1692இல் கண்டிக்கு வந்தார், போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையில் போட்டார்கள். 1697இல் கண்டியில் அம்மை பரவி ஊரே ஓடியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைக் கழுவித் துடைத்து, செத்தவர்களைப் புதைத்தவர் அவர். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதர் ஆக்கினார்.

நீங்கள் படுத்துவிட்டால் அந்த ஊர்க்காரர் யாராவது கஞ்சி கொண்டுவந்து தருவார்கள். வெட்கப்படாமல் வாங்கிக் குடியுங்கள், அவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் கொதித்தாறிய தண்ணீர் மட்டும் குடியுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கட் நாலைந்து இங்கேயே ஃபார்மசியில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.