வெள்வேல் மரத்தை வெட்ட வேண்டாம், கடவைச் சாத்துங்கள்

கேள்வி: மூலனூர் பக்கம் ஐந்து ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காடு) இருக்கிறது. 30 மேச்சேரி ஆடு, இரண்டு காங்கேயம் மாடு. மூன்று வருடமாகக் கொழுக்கட்டைப் புல் குறைந்து, நடுக்காடு வழுக்கையாகிவிட்டது. மர நிழல்தான் காரணம், வெள்வேலை வெட்டிவிட்டு சூப்பர் நேப்பியர் தீவனப்புல் வையுங்கள் என்கிறார் அதன் கரணை (நடவுத் தண்டு) விற்பவர். வெட்ட மனசு வரவில்லை. யூரியா போட்டால் புல் திரும்புமா?

பதில்: மரத்தில் கை வைக்காதீர்கள். வெள்வேலுக்குப் பொடி இலை. வெயில் சல்லடையில் இறங்குவதுபோல் இறங்கும். மாசி, பங்குனியில் வெட்டவெளிப் புல் சருகாகக் கிடக்கும்போது மரத்தடித் தூரைப் பிரித்துப் பாருங்கள், அடித்தண்டில் பச்சை இருக்கும். கோடையில் உதிரும் காய் உங்கள் ஆட்டுக்குக் காசில்லாத தீனி. தாழ்ந்த கிளைகளை ஆள் உயரத்துக்குக் கழித்துவிட்டால் போதும். கழித்த தழையைப் பசியோடு வரும் ஆட்டுக்கு மொத்தமாகக் கொட்ட வேண்டாம். அதில் சயனைடு நஞ்சு ஊறும் தன்மை உண்டு.

சூப்பர் நேப்பியர் இறவைப் பயிர். கிணற்றில் தண்ணீர் இருப்பவர் வரப்போரம் வைக்கலாம். மானாவாரிக் கொறங்காட்டுக்கு அதை விற்பது ஏமாற்று வேலை. யூரியாவும் வேண்டாம். வழுக்கையில் போட்டால் பார்த்தீனியம்தான் கொழுக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. போன வருடம் எத்தனை நாள் காட்டு வேலியின் வாசலான கடவைச் சாத்தி, மேயவிடாமல் வைத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. வருடம் முழுக்க மேய்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கணக்குப் போடுங்கள். ஓர் ஆட்டுக்கு நாளைக்கு உலர்தீனியாக ஒரு கிலோ, மாட்டுக்கு ஏழரை கிலோ. மொத்தம் 45 கிலோ. நல்ல மழையில் ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் என்றால் ஐந்து டன். அதில் பாதியைத் தூரிலேயே விட வேண்டும். மிச்சம் இரண்டரை டன், 55 நாள் தீனி. மற்ற பத்து மாதமும் உங்கள் ஆடுகள் தின்றது புல்லை அல்ல, புல்லின் வேரை. ஆகவே சோளத்தட்டு சேர்த்து வையுங்கள், இல்லையேல் ஆட்டைக் குறையுங்கள். மூன்றாவது வழி கிடையாது.

காட்டை நான்காகத் தடுங்கள். கிளுவை வேலி வளரும்வரை முள் அடைப்பு போதும். வழுக்கைப் பகுதியை புரட்டாசியிலிருந்து மார்கழி முடிய முழுதாகச் சாத்துங்கள். புல் கதிர் விட்டு, விதை முற்றித் தானாகத் தரையில் கொட்ட வேண்டும். கொறங்காட்டில் விதைப்பவன் காற்றுதான். விதை கொட்டும்முன் மேய்த்தால் அடுத்த வருடப் புல்லையும் சேர்த்து மேய்த்ததாகிறது. வருடம் ஒரு பகுதி என்று சுற்றினால் நான்கு வருடத்தில் காடு முழுக்க ஓய்வெடுத்துவிடும். மற்ற பகுதிகளிலும் முதல் மழைக்கு எழும் துளிரில் ஆட்டை விடாதீர்கள். ஒன்றரைச் சாண் வளர்ந்தபின் விட்டு, அரைச் சாண் மிச்சம் இருக்கும்போதே அடுத்த பகுதிக்கு ஓட்டுங்கள். தூர் மொட்டையானால் வேரில் சேர்த்த சத்தைச் செலவழித்துத்தான் மறுபடி துளிர்க்கும். நாலைந்து முறை அப்படி நடந்தால் தூர் செத்துவிடும்.

தூரே இல்லாத இடத்தில் மட்டும் விதை வாங்கித் தூவுங்கள். ஏக்கருக்கு மூன்று கிலோ. வாங்கும் முன் பஞ்சுபோன்ற விதையை உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள்: உள்ளே அரிசி இருக்கிறதா, வெறும் உமியா? பல கடைகளில் பாதிக்கு மேல் உமிதான். புதிதாக அறுத்த விதையும் வேண்டாம், அது உறக்கத்தில் இருக்கும். போன வருட விதையே முளைக்கும். புரட்டாசியில் மேலாகக் கீறி உழுது, அதற்குமுன் ஐந்தாறு இரவு அங்கேயே பட்டியை இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈர மணலோடு பிசைந்து தூவி, முள் கிளையை இழுத்து மூடினால் போதும். விரல்கடை ஆழம் போனால் முளை மேலே வராது.

பட்டி போடுவதில் ஒரு எச்சரிக்கை. வெளியே சீமைக்கருவேலங்காய் தின்று வந்த ஆடுகள் புழுக்கையோடு அந்த விதையையும் காட்டில் போட்டுவிடும். நாலைந்து நாள் உள்தீனி கொடுத்தபின் பட்டிக்குள் விடுங்கள். முளைத்துவிட்டால் தரையோடு வெட்டாதீர்கள், நாலு கிளையாகத் திரும்பும். ஈரம் இருக்கும்போது ஓரடி ஆழம் தோண்டி, வேர்முடிச்சோடு எடுங்கள்.