விடை சரியாக வருகிறது, இன்ஃபோ ஏன் உளறுகிறது?

கேள்வி: ஜிஃபோர்ட்ரான் கம்பைலருக்காக ஃபோர்ட்ரானில் எழுதிய நிரலில், லேபேக் என்ற அணிக்கணக்கு லைப்ரரியின் டிஜிஇஎஸ்வி சப்ரூட்டீனை (ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்ப்பது) அழைக்கிறேன். முதலில் அந்தப் பெயரே கிடைக்கவில்லை என்று, நிரலையும் லைப்ரரிகளையும் இணைக்கும் லிங்க்கர் நின்றது. லைப்ரரிகளை முன்பின்னாக மாற்றிப் போட்டதும் ஓடியது. மூன்று சமன்பாடுகளுக்கும் விடை சரி. ஆனால் வரிசை மாற்றங்களைக் குறித்துத் தரும் ஐபிவ் அரேயின் முதல் எண் 12884901890 என்று வருகிறது; பிழை உண்டா என்று சொல்லும் இன்ஃபோவும் பூச்சியமாக இல்லை. எல்லா இன்டிஜரும் 8 பைட் ஆகட்டும் என்று ஒரு ஆப்ஷன் கொடுத்திருக்கிறேன். இந்த விடையை நம்பலாமா?

பதில்: விடை சரிதான். ஆனால் நிரலை இப்படியே விட்டுவிடாதீர்கள். கோளாறு அந்த 8 பைட் ஆப்ஷனில் இருக்கிறது.

அது நீங்கள் எழுதிய வரிகளை மட்டும்தான் மாற்றும். லைப்ரரி ஏற்கெனவே 4 பைட் இன்டிஜருக்குக் கம்பைல் ஆனது. அழைக்கும்போது அதற்குப் போவது மாறியின் முகவரி மட்டுமே, அளவு போகாது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் ப்ராசஸர்களில் எண்ணின் கீழ்ப்பாதிதான் முதலில் இருக்கும். அதனால் நீங்கள் அனுப்பிய 3 அங்கேயும் 3 என்றே தெரிந்தது, கணக்கும் பிழையின்றி முடிந்தது.

திரும்பி வரும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. லைப்ரரி ஐபிவ்வில் 2, 3 என்று நான்கு நான்கு பைட்டாக அடுத்தடுத்து எழுதியது. உங்கள் நிரல் அந்த எட்டு பைட்டையும் ஒரே எண்ணாகப் படித்தது. 4294967296-ஐ (2-இன் 32ஆம் அடுக்கு) மூன்றால் பெருக்கி 2 கூட்டிப் பாருங்கள், அதே 12884901890 வரும். இன்ஃபோவிலும் கீழ்ப்பாதியில்தான் பூச்சியம் எழுதப்பட்டது. மேல்பாதியில் பழைய குப்பை அப்படியே கிடக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலை இன்னும் மோசம். 64 பிட் இன்டிஜருக்கான லைப்ரரியிடம் 4 பைட் எண்ணைக் கொடுத்தால், பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்துப் படித்து, பெரும்பாலும் நிரலே விழுந்துவிடும்.

ஆப்ஷனை எடுத்துவிடுங்கள். பெரிய இன்டிஜர் தேவைப்படும் இடத்தில் மட்டும் அந்த மாறிக்கு வகையைக் குறிப்பிட்டு அறிவியுங்கள். டிஜிஇஎஸ்விக்கு ஒரு இன்டர்ஃபேஸ் பிளாக்கும் (ஆர்கியூமென்ட்களின் வகையைக் கம்பைலருக்குச் சொல்லும் பகுதி) எழுதி, அதில் இன்ட்32 (4 பைட் இன்டிஜர்) என்று வெளிப்படையாகவே போடுங்கள். வெறும் இன்டிஜர் என்று எழுதினால், அந்த ஆப்ஷன் திரும்ப வரும் நாளில் அதுவும் சேர்ந்து 8 பைட்டாகிவிடும். கம்பைலர் வாய் திறக்காது.

லிங்க்கர் விஷயம் சுலபம். லேபேக் உள்ளுக்குள் பிளாஸ் என்ற அடிப்படை அணிக்கணக்கு லைப்ரரியை அழைக்கிறது. அதனால் முதலில் உங்கள் கோப்பு, பிறகு லேபேக், கடைசியில் பிளாஸ். ஸ்டாட்டிக் லைப்ரரிகளுக்கு இந்த வரிசை மாறக்கூடாது.

இன்ஃபோ ஒழுங்காக வரத் தொடங்கியதும் அதைக் கட்டாயம் சோதியுங்கள். மைனஸ் 4 என்றால் நான்காவது ஆர்கியூமென்ட் தவறு. பிளஸ் என்றால் அணி பூச்சியக் கோவை அணி, விடை கணக்கிடப்படவில்லை. பூச்சியம் வந்தாலும், அணி பூச்சியக் கோவைக்கு மிக நெருக்கமாக இருந்தால் விடையின் பல இலக்கங்கள் பொய்யாகலாம். அந்தச் சந்தேகம் இருந்தால், டிஜிஇஎஸ்வியின் விரிவான வடிவமான டிஜிஇஎஸ்விஎக்ஸைப் பயன்படுத்துங்கள். அது தரும் ஆர்காண்ட் மதிப்பு (அணி பூச்சியக் கோவைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு) பூச்சியத்தை நெருங்க நெருங்க, விடையின் மீதான நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.