லாரி ஓடிய கணக்கும் நின்ற கணக்கும்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் லாரியும் மில்லும் மண்டியும் வைத்திருப்பவர்கள், கணக்கு வழக்கை வைத்துச் சரக்குப் போக்குவரத்தை எப்படிச் சீர் செய்வது என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம், அரிசி மில்: அண்ணாச்சி, எங்களிடம் மூன்று லாரி இருக்கிறது. எல்லாரும் டேட்டா டேட்டா என்கிறார்கள். சாப்ட்வேர் வாங்க வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். ட்ரிப் சீட்டு, எடைச்சீட்டு, டீசல் பில், பாஸ்டேக் கணக்கு, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டிக்காக இணையத்தில் எடுக்கும் சீட்டு) எல்லாம் ஏற்கெனவே உங்கள் மேஜை டிராயரில்தான் கிடக்கின்றன. ஒன்றோடொன்று சேராமல் கிடப்பதுதான் குறை. வண்டி எண்ணையும் தேதியையும் வைத்து, ஒரு ட்ரிப்புக்கு ஒரு வரி என்று எழுதிவிடுங்கள். இ-வே பில் தளத்தில் உங்கள் பில்களை எக்செல்லாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எடைச்சீட்டைத் தூரப் போடாதீர்கள். காலி வண்டி எடை எத்தனை மணிக்கு, பாரத்தோடு எடை எத்தனை மணிக்கு என்று பெரும்பாலான எடைமேடைச் சீட்டுகளில் அச்சாகியிருக்கும். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருப்பது உங்கள் மில்லில் மூட்டை ஏற்ற ஆன நேரம். தனியாக ஆள் போட்டுக் குறிக்க வேண்டிய வேலையே இல்லை.

வள்ளியூர், லாரி உரிமையாளர்: வாடகை குறையவில்லை, வண்டியும் சும்மா நிற்கவில்லை. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் தங்கவில்லை. எங்கே ஓட்டை?

“சும்மா நிற்கவில்லை” என்பதை முதலில் சரிபாருங்கள். நம் பக்கம் கிலோமீட்டருக்கும் டீசலுக்கும் நோட்டுப் போடாத ஓனர் கிடையாது. இறக்குமிடத்தில் வரிசையில் நின்ற நேரத்துக்கு நோட்டுப் போட்டவர்கள் குறைவு. வண்டித் தவணை, இன்ஷூரன்ஸ், டிரைவர் பேட்டா எல்லாம் வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒவ்வொரு ட்ரிப்பிலும் நான்கு நேரம் குறிக்கச் சொல்லுங்கள்: கேட்டுக்கு வந்தது, ஏற்றவோ இறக்கவோ தொடங்கியது, முடிந்தது, கேட்டை விட்டு வெளியே வந்தது. டிரைவர் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போட்டாலே போதும். ரோட்டில் ஆன நேரத்துக்கு பாஸ்டேக் கணக்கு இருக்கிறது. மதுரை போகிற வண்டி நாங்குநேரி டோல்கேட்டை எப்போது தாண்டியது, கயத்தாறு பக்கத்து டோல்கேட்டை எப்போது தாண்டியது என்று அதில் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். வண்டி தாண்டிய நேரமும் வங்கி பணம் எடுத்த நேரமும் சில சமயம் வேறுபடும். தாண்டிய நேரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். ஒரு கோடவுனில் ஒன்பது ட்ரிப்புக்கு இரண்டிரண்டு மணி நேரத்தில் இறக்கிவிட்டார்கள், பத்தாவது ட்ரிப்புக்கு 14 மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.2 மணி. அந்த 3.2 மணி ஒரு நாள்கூட நடக்கவில்லை. நேரங்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதுங்கள். நடுவில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் பாருங்கள். நடுவிலிருப்பது அந்த இடத்தின் வழக்கம். கடைசியிலிருப்பதை எடுத்து, அன்று என்ன கிழமை, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். இரவு போய்ச் சேர்ந்து காலையில் லோடுமேன் வரும்வரை காத்திருந்தது தெரியவந்தால், கிளம்பும் நேரத்தை மாற்றினாலே தீர்ந்துவிடும். பார்ட்டியின் தாமதம் என்றால் ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம், கேட்க உங்கள் கையில் தேதியும் நேரமும் இருக்கும். வெறும் வாயால் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பாவூர்சத்திரம், காய்கறி கமிஷன் கடை: எங்களுக்கு இ-வே பில்லே கிடையாது. கேரளாவுக்குப் போகும் லோடில் போன மாதத்தைவிடச் செலவு கூடிவிட்டது. எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது?

ஆமாம், பச்சைக் காய்கறிக்கு இ-வே பில் தேவையில்லை. உங்கள் கடைச் சீட்டுதான் ஆதாரம். ஆனால் மாதத்தோடு மாதம் ஒப்பிடாதீர்கள். ஓணத்துக்கு முன் இருக்கும் கிராக்கி வேறு, ஐப்பசி அடைமழை வேறு. இந்த ஆவணியைப் போன ஆவணியோடு வையுங்கள். மொத்தச் செலவை விட்டுவிட்டு, விற்ற ஒரு கிலோவுக்கு என்ன செலவு என்று பாருங்கள். “விற்ற” என்பது முக்கியம். புளியரை தாண்டி மலைப்பாதையில் தாமதமானால் தக்காளி அடிபடும். கழிவு போனதையும் வண்டி சேர்ந்த நேரத்தையும் ஒரே வரியில் எழுதினால், அரை மணி தாமதம் உங்களுக்கு எவ்வளவு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தூத்துக்குடி, ஏற்றுமதி: கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று நாள் முழுக்க போன் போட வேண்டியிருக்கிறது.

லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏற்றுமதி, இறக்குமதிக் கன்டெய்னரின் நடமாட்டம் கிடைக்கும். நான்கு எழுத்து, ஏழு இலக்கம் சரியாக இருக்க வேண்டும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க வைத்தது, அதை விட்டுவிடாதீர்கள். வாகன் (வண்டிப் பதிவுத் தகவல்), பாஸ்டேக் போன்ற பல அரசுத் தகவல்களை இணைக்கும் யூலிப் என்ற தளமும் 2022 செப்டம்பரில் வந்தது. அதை மென்பொருள் வழியாக இணைத்துத்தான் பயன்படுத்த முடியும் என்பதால், சின்ன அளவில் நடத்துபவர்கள் அவசரப்பட வேண்டாம்.

கங்கைகொண்டான், லாரி டிரைவர்: அண்ணே, ஜிபிஎஸ் மாட்டியதிலிருந்து டீ குடிக்க நின்றால்கூட முதலாளி போன் போடுகிறார்.

தம்பி, உங்கள் வருத்தம் நியாயமானது. முதலாளிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: டீக்கடையில் நின்ற பத்து நிமிடத்தைத் துரத்தினால் டிரைவர் உண்மையான நேரத்தைச் சொல்வதை நிறுத்திவிடுவார். அதன்பிறகு உங்கள் நோட்டில் இருப்பதெல்லாம் பொய்க்கணக்கு. ஹால்டிங் பணம் வந்தால் அதில் டிரைவருக்கு ஒரு பங்கு கொடுங்கள். நேரம் குறிப்பதில் அவருக்கும் அக்கறை வரும். தம்பி, இரவில் தூக்கம் வந்து வண்டியை ஓரங்கட்டியதற்கும் அந்த ஜிபிஎஸ்தான் சாட்சி. போனில் மடக்கிக் கேட்டால் அதையே காட்டுங்கள்.

பேட்டை, புக்கிங் ஆபீஸ்: சென்னை லோடுக்கு இ-வே பில் எத்தனை நாள் தாங்கும்?

200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு இன்னொரு நாள். சென்னை சுமார் 620 கிலோமீட்டர் என்பதால் நான்கு நாள். வண்டி வழியில் நின்றுபோனால், காலாவதியாவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டித்த பில்களுக்குத் தனிப் பக்கம் போட்டு, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.