சாஃபோ பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சாஃபோவின் பாடல்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன?

பதில்: லெஸ்போஸ் தீவில் வாழ்ந்த இந்தப் பண்டைய கிரேக்கப் பெண் கவிஞரின் பாடல்களில் ஏறக்குறைய 650 வரிகள். முழுசாக நிற்பது காதல் தேவி அஃப்ரோடைட்டியை வேண்டும் ஒரு பாடல்தான். டயோனீசியஸ் என்ற பழங்கால எழுத்தாளர் தன் நூலில் எடுத்துக்காட்டாக அதை அப்படியே எழுதிவைத்ததால் பிழைத்தது. மற்றவை மேற்கோள்களும், எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்தவை போன்ற பாப்பிரஸ் (நாணல் தாள்) கிழிசல்களும்.

கேள்வி: ஃபாவோன் என்ற படகோட்டிக்காகப் பாறையிலிருந்து குதித்து இறந்தாராமே?

பதில்: இல்லை. சாஃபோ வாழ்ந்தது கி.மு. 600-ஐ ஒட்டி. அந்தக் கதையைச் சொல்லும் நாடகாசிரியர் மெனாண்டர் சுமார் 300 ஆண்டு பிந்தியவர். சாஃபோவைப் பற்றி எதைக் கேட்டாலும், அதை எழுதியவர் எந்தக் காலத்தவர் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அவர் பெண்கள் பள்ளி நடத்தினார் என்று படித்தேன். சரிதானே, அக்கா?

பதில்: இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 1816-ல் வெல்க்கர் என்ற ஜெர்மன் அறிஞர் பெண்களைக் காதலித்தார் என்று சாஃபோ மீது இருந்த ‘பழியை’த் துடைக்க ஒரு நூல் எழுதினார். 1913-ல் இன்னொரு ஜெர்மன் அறிஞர் விலாமோவிட்ஸ் அதே வழியில் போய், அவரை மாணவிகளுக்கு நடுவே ஆசிரியையாக உட்கார வைத்தார். அப்புறம் 31-ஆம் பாடலை என்ன செய்வது? ஒரு பெண் இனிமையாகச் சிரித்துப் பேசுகிறாள்; எதிரே ஓர் ஆண். பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு நாக்கு எழவில்லை, தோலுக்கடியில் தீ ஓடுகிறது, கண் இருட்டுகிறது, காது இரைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, உடம்பு நடுங்குகிறது. விலாமோவிட்ஸ் அந்த ஆணை மணமகன் ஆக்கி, இதைத் திருமணப் பாட்டு என்றார். மிஞ்சியிருக்கும் வரிகளில் கல்யாணப் பேச்சே இல்லை. 1955-ல் டெனிஸ் பேஜ் என்ற அறிஞர் அந்த விளக்கத்தை மறுத்தார். 1993-ல் ஹோல்ட் பார்க்கர் பள்ளிக்கூடக் கதையின் அடித்தளத்தையே கேள்வி கேட்டார்.

கேள்வி (அதே நண்பர்): பாடல்களில் அட்டிஸ், அனக்டோரியா என்று பெண்களின் பெயர்கள் வருகின்றனவே?

பதில்: வருகின்றன. அவர்கள் மாணவிகள் என்று எந்த வரியில் வருகிறது?

கேள்வி (இன்னொருவர்): சூடா என்ற கலைக்களஞ்சியம் சாஃபோவுக்கு மாணவிகள் இருந்ததாகவே சொல்கிறது.

பதில்: சூடா கி.பி. 10-ஆம் நூற்றாண்டு நூல். 1,500 ஆண்டு இடைவெளி! கன்னிப்பெண்கள் கூடிப் பாடும் குழுக்களோடு சாஃபோவை இணைக்கும் கிளோட் கலாம் போன்ற அறிஞர்களின் வாதம் வேறு. ஸ்பார்ட்டாவில் அல்க்மன் அப்படிப்பட்ட குழுக்களுக்குப் பாட்டு எழுதினார். அதை மதித்துப் பேசலாம். தலைமையாசிரியை சாஃபோவை நான் ஏற்க மாட்டேன். அந்தக் காதலைப் பார்த்துக் கூச்சப்பட்டவர்கள் கட்டிய பள்ளி அது.

கேள்வி: பாறையிலிருந்து குதித்தது உண்மையா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: திருச்சபைதான் 1073-ல் சாஃபோவின் நூல்களை எரித்ததா?

பதில்: அந்தக் காலச் சான்று எதுவும் இல்லை. அவருடைய ஏயோலிய வட்டாரக் கிரேக்க வழக்கு பிற்காலத்தவருக்குக் கடினமாகிவிட்டது. படிப்பவர் குறைந்தார்கள், படியெடுப்பவரும் குறைந்தார்கள்.

கேள்வி: 2014-ல் வந்த புதுப் பாடல்?

பதில்: டர்க் ஓபிங்க் என்ற பாப்பிரஸ் அறிஞர் வெளியிட்டது. காரக்ஸோஸ், லாரிக்கோஸ் என்ற சாஃபோவின் சகோதரர்களின் பெயர்கள் வருகின்றன. பாடல் சாஃபோவுடையது என்றே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அந்தப் பாப்பிரஸ் எங்கிருந்து, யார் கைவழியாக வந்தது என்பதுதான் சிக்கல். அதை விளக்கிய கட்டுரையைப் பிரில் பதிப்பகம் 2021-ல் திரும்பப் பெற்றது. மேற்கோள் காட்டுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அவர் பெண்களைக் காதலித்தாரா?

பதில்: பாடல்களில் பேசுபவள் காதலிக்கிறாள். அஃப்ரோடைட்டி பாடலில் தேவி அவளை ‘சாஃபோ’ என்று பெயர் சொல்லியே அழைக்கிறாள். அவள் ஏங்குவதும் ஒரு பெண்ணுக்காகத்தான்.