நைட் டியூட்டியும் பகல் தூக்கமும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நர்சாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சில மாதங்களாக நைட் டியூட்டி. தொடர்ந்து நான்கு இரவு, இரண்டு நாள் ஓய்வு, மறுபடி இரவு. காலையில் வந்து படுத்ததும் அசந்து தூங்கிவிடுகிறேன். ஆனால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் புரண்டு படுத்தாலும் தூக்கம் இல்லை. "பகலெல்லாம் படுத்தே கிடக்கிறாள்" என்று வீட்டில் பேச்சு வேறு. போன வாரம் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நோயாளியின் மருந்துச் சீட்டை மூன்று முறை படித்தும் மனதில் ஏறவில்லை. பயந்துவிட்டேன். போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். பழகுமா? இல்லை, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையா?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சீட்டு மனதில் ஏறவில்லை என்று உங்களுக்கே தெரிந்தது, பயமும் வந்தது. அந்தப் பயம் உள்ளவர்களைத்தான் இரவு வார்டில் நம்பி விட முடியும். நீங்கள் லாயக்கானவர்தான்.

ஆனால் "பழகிவிடும்" என்பதை நான் சொல்ல மாட்டேன். பல வருடம் இரவு வேலை பார்த்தவள் நான். வேலை பழகும், வார்டு பழகும். உடம்பு பெரும்பாலானவர்களுக்கு முழுதாகப் பழகுவதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் சின்ன நரம்பணுக் கொத்துதான் உடம்புக்குக் கடிகாரம். கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. நீங்கள் டியூட்டி முடித்து வெளியே வந்ததும் முகத்தில் வெயில் அடிக்கிறது, "விடிந்துவிட்டது" என்று அதற்குச் செய்தி போய்விடுகிறது. பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வருவதும் இதனால்தான். இரவெல்லாம் விழித்த களைப்பு முதல் சில மணி நேரம் தூங்க வைக்கிறது. களைப்பு கொஞ்சம் தீர்ந்ததும் கடிகாரம் எழுப்பிவிடுகிறது.

ஆகவே எட்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் தூங்க வேண்டும் என்று உங்களோடு நீங்களே சண்டை போடாதீர்கள். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வந்ததும் பெரிய தூக்கம், சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்புமுன் ஒன்றரை மணி நேரம் இன்னொன்று. எனக்குக் கை கொடுத்தது அந்த இரண்டாவது தூக்கம்தான். நான்கு இரவில் முதல் இரவன்று அதைத் தவறவே விடாதீர்கள். இல்லையென்றால் காலையில் எழுந்தவர் மறுநாள் காலை வரை ஒரு நாள் முழுக்க விழித்திருக்க வேண்டி வரும்.

ஓய்வு நாளில் இரவு பத்து மணிக்கே படுத்து ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள் திரும்ப நைட். கடிகாரத்தை இப்படி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் அது எங்கேயும் நிற்காது. அது நகர்வதே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஓய்வு நாளில் இரவு இரண்டு, மூன்று மணிக்குப் படுத்து பத்து, பதினொரு மணிக்கு எழுந்து பாருங்கள். டியூட்டி நாளிலும் ஓய்வு நாளிலும் பொதுவாக வருகிற அந்தக் காலைத் தூக்க நேரம் உடம்புக்கு ஒரு பிடிமானம். குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது கஷ்டம், தெரியும். முடிந்த வரைக்கும் செய்யுங்கள்.

காபி, டீயை டியூட்டியின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடம்பில் போன கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் படுக்கையில் உங்களோடு படுத்திருக்கும். நள்ளிரவுக்குமேல் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் உடம்பு சர்க்கரையைச் சரியாகக் கையாளாது.

இப்போது அந்த நான்கு மணி. மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் வெப்பம் ஆகக் குறைந்திருக்கும், கவனமும் அதோடு இறங்கும். மன உறுதியால் அதைத் தாண்டிவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்த நேரத்து வேலையை உங்கள் மூளையை நம்பி விடாமல் முறையை நம்பி விடுங்கள். இன்சுலின், ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது), பொட்டாசியம் போன்ற மருந்துகளை இன்னொரு நர்ஸ் சரிபார்ப்பது பல இடங்களில் இருக்கும். எப்படிச் சரிபார்க்கிறோம் என்பதில்தான் விஷயம். சிரிஞ்சை நீட்டி "ஆறு யூனிட்தானே?" என்று கேட்டால், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற தோழி "ஆமாம்" என்றுதான் சொல்வார். உங்கள் கணக்கைச் சொல்லாதீர்கள். சீட்டையும் சிரிஞ்சையும் கொடுத்து, "இதில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போட வேண்டும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே எண்ணுக்கு வந்தால்தான் ஊசி. சீட்டு மனதில் ஏறாதபோது, எந்தப் பெட், எந்த மருந்து, எவ்வளவு என்று விரல் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் இடத்தில் அனுமதி உண்டென்றால், வார்டை இன்னொருவரிடம் முறையாக ஒப்படைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணயருங்கள். அதற்குமேல் போனால் எழுந்தபின் கொஞ்ச நேரம் தூக்கக் கலக்கமாகவே இருக்கும். எழுந்தவுடன் மருந்தைத் தொடாதீர்கள், கால் மணி நேரம் போகட்டும்.

வீட்டுக்குப் போகும் வழி வார்டைவிட ஆபத்தானது. வண்டி ஓட்டும்போது சில வினாடி கண் சொக்கினால் உங்களுக்கே தெரியாது. கடைசி இரவு முடிந்த காலையில் பேருந்திலோ வேறொருவர் ஓட்டும் வண்டியிலோ போங்கள். அப்படிப் போனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், வெளிச்சம் குறையும். நீங்களே ஓட்டினால் வேண்டாம், அது தூக்கத்தைக் கூட்டும்.

வார்டில் கையெட்டும் தூரத்தில் தூக்க மாத்திரை இருக்கும். எடுக்கவே எடுக்காதீர்கள். தூக்கம் சீராகவில்லை என்றாலும், மனம் சோர்ந்தே இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். வலிப்பு நோயோ பைபோலார் என்ற மனநிலை நோயோ இருந்தால் இரவு வேலை தொடங்குமுன்பே அவரிடம் பேச வேண்டும், தூக்கம் கெடுவதே அவற்றைக் கிளப்பிவிடும். பல வருட இரவு வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் "பெரும்பாலும் உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வைத்தது, 2019-இலும் அதையே உறுதிசெய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரோஸ்டரை, அதாவது டியூட்டிப் பட்டியலைப் பற்றி இன்சார்ஜிடம் பேச உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். தொடர் இரவுகளைக் குறைக்கக் கேளுங்கள். ஷிப்ட் மாறும்போது காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றச் சொல்லுங்கள். தலைகீழாக வருவதை உடம்பு தாங்குவது கடினம்.

வீட்டுப் பேச்சுக்கு ஒரே வழி, இந்தப் பதிலின் கடைசிப் பத்தியை அவர்களிடம் காட்டுவது. இனி அவர்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுப் பெண் காலை ஒன்பது மணிக்குப் படுப்பது நீங்கள் இரவு பத்து மணிக்குப் படுப்பது மாதிரி. மதியம் ஒரு மணிக்குக் கதவைத் தட்டி "ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போ" என்றால், உங்களை நடு ராத்திரியில் எழுப்புவதற்குச் சமம். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். அவருடைய போனை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவசரமானால் மட்டும் எழுப்புங்கள். யாராவது வந்து "இன்னும் தூங்குகிறாளா?" என்று கேட்டால், "ராத்திரி முழுக்க வேலை பார்த்தவள்" என்று அவருக்காக நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா